முறைப்பாட்டு இணையத்தளமும் கம்பனியின் பெயரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருக்கடலூரைச் சேர்ந்த படகு உரிமையாளர் ஒருவர் சென்ற வருடம் என் மேசையில் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று, சட்டைப் பையில் கிடந்து மடிப்போரம் கிழியத் தொடங்கியிருந்த பில். 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றை வாங்கியதற்கானது. மற்றது, கொழும்புச் சட்டத்தரணி ஒருவரின் பெயர் பொறித்த மூன்று பக்க ஆங்கிலக் கடிதம். கடைகளுக்கும் விருந்தினர் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில்; இப்படியான கடிதங்களைப் படித்துத் தமிழில் சொல்வது அந்தத் தொழிலோடு ஒட்டி வந்த வேலை. மூன்று முறை திருத்திய பின்னும் அந்த எஞ்சின் புறாத்தீவுக்கு அப்பால் கடலில் நின்றுவிட, அவருடைய மருமகன் கம்பனியின் பெயரிலேயே டொட் கொம் முகவரி ஒன்றை வாங்கி, மேலே கம்பனியின் சின்னத்தைப் போட்டு, நடந்ததையெல்லாம் எழுதிவிட்டார். அது வியாபாரக் குறியை மீறும் செயல் என்றும், 14 நாட்களுக்குள் தளத்தை மூடி முகவரியை ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் ஒரு கோடி ரூபா நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரப்படும் என்றும் கடிதம் சொன்னது.

"தம்பி, பழுதான எஞ்சினை வித்தது அவங்கள். காசு கட்டச் சொல்லுறது எனக்கோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தளத்தைத் திறந்து பார்த்தபோது, கடிதத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி வெறும் வெருட்டு என்பதும், இரண்டு விடயங்கள் மட்டும் உண்மையிலேயே அவரைச் சிக்கவைக்கக்கூடியவை என்பதும் தெரிந்தது. அந்த இரண்டும் அவர் எழுதிய முறைப்பாட்டில் இல்லை; முகவரியிலும் சின்னத்திலும் இருந்தன. நான் சட்டத்தரணி அல்லன். எனினும் இவ்வகை வழக்குகளைப் பல வருடங்களாக வாசித்து வந்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: குறை சொன்னதற்காகத் தோற்றவர்களைவிட, குறை சொல்லும்போது கம்பனியின் உடுப்பைப் போட்டுக்கொண்டதற்காகத் தோற்றவர்களே அதிகமாகக் கண்ணில் படுகிறார்கள்.

முதலாவது தவறு, கம்பனியின் பெயரைச் சொல்வதே குற்றம் என்று பயப்படுவது. வியாபாரக் குறி என்பது ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்பதை வாங்குபவருக்குக் காட்டும் அடையாளம். அந்தக் கம்பனியைப் பற்றி எவரும் வாய் திறக்கக்கூடாது என்று கொடுக்கப்பட்ட உரித்து அல்ல. "இந்தக் கம்பனி விற்ற எஞ்சின் பழுது" என்று எழுதுபவர் பெயரைச் சொல்லாமல் அதை எப்படி எழுத முடியும்? அமெரிக்காவில் 1998இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், பாலி டோட்டல் பிட்னஸ் என்ற உடற்பயிற்சி நிலையக் கம்பனியின் சின்னத்துக்குக் குறுக்கே இழிசொல் ஒன்றை எழுதி முறைப்பாட்டுப் பக்கம் நடத்தியவருக்கு எதிராகக் கம்பனி நீதிமன்றம் சென்றது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் எவரும் அதைக் கம்பனியே நடத்துவதாக நினைக்கமாட்டார் என்று கூறிய நீதிமன்றம் கம்பனியின் வழக்கை ஏற்கவில்லை. பெயரைக் கேட்டவுடன் "அவர்களுடையதுதான்" என்று மக்கள் மயங்குவார்களா என்பதே அங்கு அடிப்படைக் கேள்வி.

ஆனால் அமெரிக்கத் தீர்ப்புகளை வாசித்துவிட்டு இங்கே துணிச்சல் கொள்வதும் இன்னொரு தவறு. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே செல்லும். பதிவு செய்த குறியின் உரிமையாளருக்குள்ள உரிமைகளை அதன் 121ஆம் பிரிவு சொல்கிறது. அது மயக்கம் தரும் பயன்பாட்டோடு நின்றுவிடவில்லை. நியாயமான காரணமின்றி, உரிமையாளரின் நலன்களுக்குப் பாதகம் ஏற்படக்கூடிய சூழ்நிலையில் குறியைப் பயன்படுத்துவதையும் அது தொடுகிறது. பாதகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கம்பனிச் சட்டத்தரணிகள் கடிதம் எழுதுவார்கள். நம் பக்கம் பிடிக்க வேண்டிய சொல் "நியாயமான காரணம்". வாங்கிய பொருளின் குறையை, வாங்கியவரே, ஆதாரத்துடன், அந்தப் பொருளை அடையாளம் காட்டுவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் பெயரைச் சொல்லி எழுதுவது அப்படிப்பட்ட காரணம் என்று வாதாட இடமுண்டு. அந்த அளவைத் தாண்டிப் பெயரை எங்கெல்லாம் பரப்புகிறோமோ அங்கெல்லாம் அந்த வாதம் இளகிப்போகும்.

முகவரி என்னும் பொறி

கம்பனிகள் பல டொட் எல்கே முகவரியை எடுத்துக்கொண்டு டொட் கொம்மைக் காலியாக விட்டுவிடுகின்றன. கோபத்தில் இருப்பவருக்கு அது திறந்து கிடக்கும் வாசல் மாதிரித் தெரியும். சில ஆயிரம் ரூபாவுக்கு அது கிடைத்தும் விடும். மருமகன் செய்ததும் அதுதான். "கம்பனியைத் தேடுறவன் எல்லாம் நம்மட பக்கத்துக்குத்தானே வருவான்" என்று அவர் பெருமையாகவே சொன்னார். சட்டம் ஆட்சேபிப்பதும் சரியாக அதைத்தான்.

டொட் கொம் முகவரி ஒன்றை வாங்கும் எவரும், படித்தோ படிக்காமலோ, ஓர் உடன்பாட்டுக்குச் சம்மதம் தெரிவிக்கிறார். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த ஒரே சீரான தகராறு தீர்ப்புக் கொள்கை அந்த உடன்பாட்டுக்குள் இருக்கிறது. அதன்படி கம்பனி ஒன்று நீதிமன்றம் போகாமலே, ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் நடுத்தீர்ப்பு மையம் போன்ற ஓர் அமைப்பிடம் முறையிடலாம். கம்பனி மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்: முகவரி தன் குறியோடு ஒத்திருக்கிறது அல்லது மயங்கும்படி நெருங்கியிருக்கிறது, வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் உரிமையோ நியாயமான நலனோ இல்லை, அது கெட்ட நோக்கத்துடன் பதியப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. மூன்றும் நிறுவப்பட்டால் முகவரி பறிபோகும் அல்லது இரத்தாகும். நட்டஈடு என்ற பேச்சே அங்கு இல்லை. ஆகவே அந்த வழியைக் காட்டி ஒரு கோடி கேட்பது பொருந்தாது.

வியாபார நோக்கமற்ற நேர்மையான விமர்சனத்தை இந்தக் கொள்கை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விமர்சனம் நேர்மையாக இருப்பது ஒன்று, முகவரி நேர்மையாக இருப்பது வேறு. இவ்வகைத் தகராறுகளில் நடுவர்கள் கொண்ட கருத்துகளைப் பற்றி உலகப் புலமைச் சொத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட தொகுப்புரையின் மூன்றாம் பதிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: கம்பனியின் பெயரை எதுவும் சேர்க்காமல் அப்படியே முகவரியாக வைத்தால், உள்ளே இருப்பது உண்மையான விமர்சனமாக இருந்தாலும், ஆள்மாறாட்டத்தின் மூலம் மயக்கம் ஏற்படும் ஆபத்து இருப்பதால் நடுவர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை, பெயரோடு இகழ்ச்சியான அல்லது விமர்சனமான சொல்லொன்று சேர்ந்திருந்தால், வியாபார நோக்கமும் இல்லாதபோது, ஏற்கும் போக்கு உண்டு.

அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் ஓரளவு தாராளமாக நடந்திருக்கின்றன. மிச்சிகனில் தன் முற்றத்தில் நடந்த தோட்ட வேலை சரியில்லை என்று, லூக்கஸ் நேர்சரி என்ற நிறுவனத்தின் பெயரையே முகவரியாக்கி முறைப்பாடு எழுதிய பெண்மணி 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அவர் விளம்பரம் போடவில்லை, முகவரியை விற்க முயலவில்லை, வேறு பெயர்களை வாங்கிச் சேர்க்கவும் இல்லை. அதற்கு முன்பே பாவனையாளர் முறைப்பாட்டு அமைப்பொன்றிடமும் போயிருந்தார். அடுத்த வருடமே பொஸ்லி மெடிக்கல் என்ற முடி நாட்டும் நிறுவனத்தின் வழக்கில் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், அதிருப்தியுற்ற வாடிக்கையாளர் ஒருவர் கம்பனியின் பெயரில் டொட் கொம் வைத்திருந்தது வியாபாரக் குறி மீறல் அல்ல என்று கூறியது. ஆனால் கெட்ட நோக்கத்தோடு முகவரியைப் பிடித்துவைத்தாரா என்ற தனிக் குற்றச்சாட்டு தொடர்ந்து விசாரிக்கப்படலாம் என்றும் விட்டுவிட்டது. முகவரிகளைக் கெட்ட நோக்கத்தோடு பிடித்துவைப்பதற்கு எதிராக அமெரிக்காவில் உள்ள தனிச் சட்டத்தின் கீழ் ஒரு முகவரிக்கு 1,000 முதல் 100,000 டொலர் வரை விதிக்க முடியும். அமெரிக்கச் சட்டங்களின் கீழ் வந்த இந்தத் தீர்ப்புகளை, திருகோணமலையில் இருந்துகொண்டு ஜெனீவா மையத்துக்குப் பதில் எழுதும் ஒருவர் தன் கேடயமாக எண்ணிவிடக்கூடாது.

அப்படியானால் பெயரோடு என்ன சொல்லைச் சேர்ப்பது? இங்கேதான் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. கம்பனிப் பெயருக்குப் பின்னால் "முறைப்பாடு" என்று சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? கம்பனியே திறந்து வைத்திருக்கும் முறைப்பாட்டுப் பிரிவு என்றுதான் நினைப்பார். "சேவை", "உதவி", "வாடிக்கையாளர்" ஆகிய சொற்களும் அப்படியே. ஆங்கில இகழ்ச்சிச் சொல்லைக் கடன் வாங்குவதும் எப்போதும் காப்பாற்றாது. எயார் பிரான்ஸின் பெயரோடு "சக்ஸ்" என்ற சொல் சேர்ந்த முகவரி 2005இல் பறிபோனது. உலகெங்குமுள்ள பயணிகள் எல்லோருக்கும் அந்த ஆங்கிலச் சொல்லின் தொனி விளங்கும் என்று சொல்ல முடியாது என்பது நடுவர்களில் பெரும்பான்மையோரின் கருத்து. நிலாவெளியில் ஆங்கிலம் தெரியாத ஒருவர் கைபேசியில் அந்த முகவரியைப் பார்த்தால் அவருக்கும் அது கம்பனிப் பெயரின் நீட்சியாகத்தான் தோன்றும். பெயரை முகவரியில் வைக்காமல், "எங்கள் எஞ்சின் கதை" போன்ற சொந்தத் தலைப்பொன்றை முகவரியாக்கி, கம்பனியின் பெயரைக் கட்டுரைக்குள் மட்டும் சொல்வதே மிகவும் பாதுகாப்பானது. தேடுபொறிக்கு உள்ளே எழுதிய பெயரே போதும்.

சின்னமும் நிறமும்

மருமகனின் இரண்டாவது தவறு, பக்கத்தின் உச்சியில் கம்பனியின் சின்னத்தை அது இருந்தபடியே ஒட்டி, கம்பனித் தளத்தின் நீல நிறத்தையே தன் தளத்துக்கும் பூசியது. கீழே சிறிய எழுத்தில் "இது கம்பனியின் தளம் அல்ல" என்று எழுதியிருந்தார். கைபேசியில் அதைப் பார்க்க ஆறு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. மறுப்புரை உதவும், ஆனால் மயக்கும் முகவரியை அது சுத்தமாக்கிவிடாது. அதுவும் ஒளித்து வைத்த மறுப்புரை, மயக்கும் எண்ணம் இருந்தது என்பதற்கே சாட்சியாகத் திரும்பக்கூடும். அந்த வரி தலைப்புக்குக் கீழேயே, தலைப்பின் அளவுக்குக் கிட்டவே இருக்க வேண்டும். கம்பனியின் விளம்பரப் படங்களை எடுத்துப் போடுவது பதிப்புரிமை என்ற இன்னொரு கதவைத் திறந்துவிடும். கழற்றிப் போட்ட சொந்த எஞ்சினைச் சொந்தக் கைபேசியில் எடுத்த படம் எதற்கும் குறைந்ததல்ல.

சின்னத்தைத் தொடவே கூடாது என்பதும் இல்லை. ஒடிசாவின் தம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று கூறி, டாட்டாவின் சின்னத்தைக் கேலியாக வைத்துக் கிரீன்பீஸ் அமைப்பு ஓர் இணைய விளையாட்டை வெளியிட்டபோது, டாட்டா சன்ஸ் 10 கோடி இந்திய ரூபா கேட்டு வழக்குப் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் இடைக்காலத் தடையுத்தரவை மறுத்தது. பிரான்சில், பிஸ்கட் தொழிற்சாலைகளை மூடும் திட்டத்தை எதிர்த்து டனோன் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்ன தளத்தின் பக்கம் 2003இல் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. இரண்டிலும் சின்னம் தாக்கப்பட்ட பொருளாக இருந்தது, தளத்தின் பெயர்ப்பலகையாக இருக்கவில்லை. தாக்கப்படும் பொருளுக்கும் பெயர்ப்பலகைக்கும் உள்ள வித்தியாசத்தை நுணுகிப் பிடிக்கும் தேவை ஓர் எஞ்சின் முறைப்பாட்டுக்கு இல்லை, சின்னத்தை விட்டுவிடலாம்.

காசு நுழையும் இடங்கள்

முறைப்பாட்டுத் தளத்தில் பத்துச் சதமும் வரக்கூடாது என்பேன். தளத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் விளம்பரப் பெட்டி ஒன்றைச் செருகினால் என்ன என்று தோன்றும். போட்டிக் கம்பனியின் எஞ்சினுக்கு ஒரு சுட்டி கொடுத்தால் தரகு கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அந்த நிமிடமே "வியாபார நோக்கமற்ற விமர்சனம்" என்ற தரை காலடியில் இருந்து போய்விடும்.

இதைவிட மோசமானது பேரம். கோபம் தணிந்து சமாதானம் பேசும் கட்டத்தில், "எஞ்சினை மாற்றித் தந்து ஐந்து லட்சமும் தந்தால் முகவரியைத் தருகிறேன்" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பப்படும். எழுதியவருக்கு அது நியாயமான கொடுக்கல் வாங்கல். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது தேடிக்கொண்டிருந்த ஆவணம். வாங்கிய செலவுக்கு மேல் விலை பேசி விற்பதற்கென்றே முகவரியைப் பதிந்தமை கெட்ட நோக்கத்தின் அடையாளம் என்று ஐகான் கொள்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது; அப்படியொரு செய்தி அதற்குச் சாட்சியாகக் காட்டப்படும். 2000ஆம் ஆண்டிலேயே வோல்மார்ட்டின் பெயரோடு இகழ்ச்சிச் சொல் சேர்ந்த முகவரிகளை வைத்திருந்தவர், விற்கவும் முன்வந்திருந்ததால், அவற்றை இழந்தார். அதே வருடம் அதே கம்பனியின் பெயரில் உண்மையான விமர்சனத்துக்காக வைத்திருந்த அப்படியொரு முகவரி இன்னொரு வழக்கில் பறிபோகவில்லை. எஞ்சினுக்கான கோரிக்கை ஒரு கடிதத்திலும், முகவரி பற்றிய பேச்சு இன்னொரு கடிதத்திலும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே வசனத்தில் கட்ட வேண்டாம்.

உப்புவெளியில் விடுதி நடத்துபவர்கள் சிலரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து விடுதியைப் பற்றி வாடிக்கையாளர் வேடத்தில் தளம் நடத்துவது முறைப்பாடு அல்ல, தொழிற்போட்டி. பொய்யான குற்றச்சாட்டால் இன்னொருவரின் தொழிலை மதிப்பிழக்கச் செய்வதை அதே புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டி என்கிறது.

கடிதம் வந்த பிறகு

சட்டத்தரணியின் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இருப்பவர்கள் உண்டு. வெறும் கடிதத்தைப் பொறுத்தவரை அதனால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் ஜெனீவா மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் அதை அப்படி வைக்க முடியாது. பதில் கொடுக்க 20 நாட்கள். கேட்டால் இன்னும் 4 நாட்கள் கிடைக்கும். ஒற்றை நடுவர் முன் பதில் கொடுப்பதற்கு முகவரி வைத்திருப்பவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. கட்டணம் செலுத்துவது கம்பனி. பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியிருக்கும், ஏனெனில் முகவரியை வாங்கியபோது ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின் மொழியிலேயே விசாரணை நடப்பது வழக்கம். பதிலே கொடுக்காதவரின் தரப்பு நியாயத்தை நடுவர் தேடிப் போய் எடுத்து எழுதமாட்டார். தீர்ப்பு எதிராக வந்தால், 10 வேலைநாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதற்கான ஆவணத்தைக் காட்டினாலொழிய முகவரி கைமாறிவிடும். முகவரியைப் பதியும்போது பொய்யான பெயரும் விலாசமும் கொடுத்திருந்தால் அதுவும் கெட்ட நோக்கத்தின் பக்கமே எண்ணப்படும்.

கடிதத்தில் "எமது பதிவு செய்யப்பட்ட குறி" என்று இருந்தால், பதிவிலக்கம் என்ன, எந்த வகுப்பில் பதியப்பட்டது என்று திருப்பிக் கேட்பதில் பிழையில்லை. பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கப்பட வேண்டும். பதிவேடு கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் இருக்கிறது. திருக்கடலூர்க்காரருக்கு வந்த கடிதத்தில் இலக்கம் இருக்கவில்லை.

வியாபாரக் குறி விடயத்தில் தப்பிவிட்டால் எல்லாவற்றிலும் தப்பியாயிற்று என்று எண்ணுவது, படித்தவர்களே செய்யும் தவறு. அவதூறு என்பது தனி வாசல். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது; ஆனால் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த குடியியல் வழக்கு அப்படியே இருக்கிறது. அந்தச் சட்டத்தில் சொன்னது உண்மை என்று காட்டுவது மட்டும் போதாது. அதைச் சொன்னதில் பொது நன்மையும் இருந்தது என்று காட்ட வேண்டும். "எஞ்சின் மூன்று முறை திருத்தப்பட்டது, திகதிகள் இவை" என்பதற்கும் "இவர்கள் திருடர்கள்" என்பதற்கும் இடையிலுள்ள தூரம் இங்கேதான் அளக்கப்படும். இங்கிலாந்தில் சட்டத்தரணிகளைப் பற்றிய முறைப்பாட்டுத் தளமொன்று 2011இல் மூடப்பட்டதும் வியாபாரக் குறிச் சட்டத்தால் அல்ல; அவதூறு, தொந்தரவு, தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆகிய காரணங்களால். நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்க் கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறது என்பதை மறக்கலாகாது. ஊழியர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், படம் எதுவும் தளத்தில் வேண்டாம்.

கம்பனிக்காரர்கள் செய்யும் பெரிய தவறு இதற்கு மறுதலை: அவதூறு வழக்கில் உண்மையை எதிர்கொள்ள வேண்டிவரும் என்று பயந்து, மனப்புண்ணை வியாபாரக் குறி என்ற போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவருவது. நூறு பேர் பார்த்த பக்கம், கடிதம் வந்த செய்தி பரவியதும் பத்தாயிரம் பேர் பார்க்கும் பக்கமாகிவிடும். திருக்கடலூர் கடிதத்தின் விலைக்கு எஞ்சினின் கார்புரேட்டரை மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் விட எனக்கு மனவருத்தம் தந்த தவறு வேறொன்று. தளம் செய்வதில் இருந்த உற்சாகத்தில் உரிய இடத்தில் முறையிட எவரும் நினைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். விசாரித்தபின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு வழங்கவோ கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட்டாக வேண்டும். இணையத்தளம் அந்த மூன்று மாதத்தை நிறுத்தி வைப்பதில்லை.

பில்லை வெளிச்சத்தில் பிடித்துத் திகதியைப் பார்த்து இருவரும் எண்ணினோம். 81 நாட்கள் ஆகியிருந்தன. அன்று பின்னேரமே மருமகன் சின்னத்தை எடுத்துவிட்டு, எழுதியவற்றை வேறு முகவரிக்கு மாற்றினார். டொட் கொம்மைக் காசு எதுவும் கேட்காமல் கொடுத்துவிடுவதாக ஒரு சட்டத்தரணி மூலம் பதில் எழுதப்பட்டது. மறுநாள் காலை படகுக்காரர் பில்லைப் பொலித்தீன் உறையொன்றில் போட்டுக்கொண்டு அதிகாரசபையிடம் முறையிடக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனார். அங்கிருந்த உத்தியோகத்தர் பில்லையும் உத்தரவாத அட்டையையும், எஞ்சின் திருத்தத்துக்குப் போய் வந்த மூன்று தடவைக்குமான துண்டுகளையும் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தாராம். இணையத்தளத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லையாம்.